ரைன் ஆற்றில் நிதானமாக ஒரு படகுப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் பயணிகள் படகு ஓடும் ஆறுகள் நிறைய உண்டு. எல்பே, மோசல், மைன், நெக்கர், டான்யூப் என்று எதில் ஏறினாலும் அழகுதான். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் ரைனில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் பிங்கன், ரூடஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்லன்ஸ் வரையுள்ள 65 கிலோமீட்டர். இருபுறமும் மலை, மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், சுமார் நாற்பது கோட்டைகள். 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இடத்தைச் சொல்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஆற்றின் இரு கரையிலும் ரயில் பாதை கூடவே வருகிறது. எந்த ஊரில் இறங்கினாலும், எப்போது களைப்பானாலும், ரயிலில் திரும்பிவிடலாம். புதிதாகப் போகிறவருக்கு இது பெரிய தைரியம்.

இங்கே சொல்லப்போவது பகலில் ஊர் ஊராக நின்று போகும் பயணிகள் கப்பலைப் பற்றி. பாசலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை ஒரு வாரம் மிதக்கும் ஓட்டல் கப்பல்கள் வேறு ரகம். அவற்றின் செலவும் வேறு, திட்டமிடுகிற முறையும் வேறு.

முதலில் தூரத்தைக் குறையுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் 65 கிலோமீட்டரையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்கிறார்கள். ரூடஸ்ஹைமிலிருந்து கோப்லன்ஸுக்கு நீரோட்டத்தோடு போனால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கோப்லன்ஸிலிருந்து எதிர்நீரோட்டத்தில் வந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். மூன்றாவது மணி நேரத்தில் கோட்டை எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை: பிங்கனிலிருந்து சாங்க்ட் கோஆர் வரை, சுமார் 28 கிலோமீட்டர். எலிக்கோபுரம், ஆற்றின் நடுவில் நிற்கும் சுங்கக் கோட்டை, லொரலைப் பாறை எல்லாமே இந்தத் தூரத்துக்குள் வந்துவிடும். நீரோட்டத்தோடு ஒன்றரை மணி நேரம்தான். நடுவில் பாகராக் என்ற ஊரில் இறங்கி இரண்டு மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு அடுத்த கப்பலைப் பிடித்தால் ஒரு நாள் நிறைவாகப் போகும். இன்னும் மெதுவாகப் போக ஆசைப்படுகிறவர்கள் இதையே தலைகீழாகச் செய்யலாம். சாங்க்ட் கோஆரில் ஏறிப் பிங்கனுக்கு வந்தால் நீரோட்டம் எதிர்ப்பதால் இரண்டரை மணி நேரம் வரை ஆகும். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆற்றில் இருக்கலாம்.

எப்போது போவது

கப்பல்கள் ஈஸ்டர் அல்லது ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் கடைசி வரை ஒழுங்காக ஓடும். குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் அநேகமாக எதுவும் ஓடாது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு நாளைக்கு ஓடும் கப்பல்கள் குறைவு, கோடையில் அதிகம். நான் மே மாதத்தையோ செப்டம்பரையோ சொல்வேன். மே மாதத்தில் மலை பச்சைப் பசேல் என்றிருக்கும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் திராட்சை அறுவடை நடக்கும். செங்குத்துச் சரிவில் ஆட்கள் கூடை சுமந்து ஏறி இறங்குவதைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

கோடையிலும் செப்டம்பரிலும் சில சனிக்கிழமைகளில் ‘ரைன் இன் ஃப்ளம்மன்’ என்ற வாணவேடிக்கைத் திருவிழா நடக்கும். ஒவ்வொரு தேதியிலும் ஒவ்வொரு ஊர்ப் பக்கம். வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள் என்றால் சரி, பல மாதம் முன்பே சீட்டு எடுங்கள். அமைதியாகப் போக வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கமான நேர அட்டவணையும் அன்று மாறிவிடும்.

அப்புறம் நீர்மட்டம். இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பகுதி முழுவதற்கும் காவுப் என்ற சிற்றூரில் இருக்கும் நீர்மட்ட அளவுகோல்தான் ஆதாரம். அங்கே மட்டம் 4.60 மீட்டரைத் தொட்டால் கப்பல்களுக்குக் கட்டுப்பாடு வரும். 6.40 மீட்டரைத் தாண்டினால் போக்குவரத்தே நின்றுவிடும். இது பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் நடப்பது. கோடைக் கடைசியில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். 2018 அக்டோபரில் காவுப் அளவுகோல் 25 சென்டிமீட்டரைக் காட்டியது. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று இதற்குப் பொருளில்லை. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடிமட்டத்தைவிட உயரத்தில் இருக்கிறது, அதனால் கப்பல் பாதையில் தண்ணீர் அதைவிட ஆழமாகத்தான் இருக்கும். ஆனாலும் அத்தகைய நாட்களில் கப்பல் சில துறைகளில் நிற்காமல் போய்விடும். எனவே கிளம்புவதற்கு முதல் நாள் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

டிக்கெட்

இந்தப் பாதையில் நீண்ட காலமாக ஓடுவது கே.டி. என்று எல்லோரும் சொல்லும் கோல்ன்-ட்யூசல்டோர்ஃபர் நிறுவனம். அதன் வரலாறு 1826-ல் தொடங்குகிறது. அதன் ‘கோதே’ கப்பல் 1913-ல் கட்டியது, இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரம் சுழல ஓடும். நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு டீசல் பொருத்திவிட்டார்கள் என்றாலும் சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. நேர அட்டவணையில் எந்தப் புறப்பாட்டுக்குக் ‘கோதே’ வருகிறது என்று குறித்திருப்பார்கள். அதற்காக நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. இதைத் தவிர ரூடஸ்ஹைம், பிங்கன், பாகராக், போப்பார்ட் பக்கத்தில் சிறிய நிறுவனங்களும் உண்டு. அவை குறுகிய வட்டப் பயணங்களையே அதிகம் நடத்துகின்றன.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் துறை உண்டு. ஒன்றின் டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. கரையில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு மிதவைப் பாலங்கள் இருக்கும், பெயர்ப்பலகையைப் பார்த்து நில்லுங்கள். டிக்கெட்டைத் துறையிலுள்ள சிறு கூண்டில் வாங்கலாம், இணையத்திலும் வாங்கலாம். வாரநாளில் முன்பதிவு இல்லாமலே இடம் கிடைத்துவிடும்.

ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், பேருந்துகளில் செல்லும் மாதாந்திரச் சீட்டான டாய்ச்லாந்து டிக்கெட் இந்தக் கப்பல்களில் செல்லாது. ஆனால் துறைக்குப் போகவும் திரும்பவும் வட்டார ரயில்களில் அதுவே போதும். அதனால் கப்பலுக்கு ஒருவழி டிக்கெட் மட்டும் எடுத்து, திரும்பும்போது ரயிலில் வருவது சிக்கனமான ஏற்பாடு. நடுவில் இறங்கி ஏறப்போகிறீர்கள் என்றால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: “கான் இஷ் இன் பாகராக் அவுஸ்ஷ்டைகன் உண்ட் ஷ்பேட்டர் வைட்டர்ஃபாரன்?” பாகராக்கில் இறங்கி அப்புறம் தொடரலாமா என்று பொருள். ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் சொல்வார்கள், ஆனால் ஜெர்மனில் தொடங்கினால் முகம் மலரும்.

துறைக்குப் போய்ச் சேர்வது

பிராங்க்பர்ட்டிலிருந்து வட்டார ரயிலில் மைன்ஸ் வழியாகப் பிங்கனுக்கோ, வீஸ்பாடன் வழியாக ரூடஸ்ஹைமுக்கோ ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பிங்கனில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. பெயரைப் பார்த்து ‘ஹவுப்ட்பான்ஹோஃப்’தான் முக்கியமானது என்று இறங்கினால் கப்பல் துறைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். இறங்க வேண்டியது ‘பிங்கன் ஷ்டாட்’. அங்கிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் ஆற்றங்கரை. ரூடஸ்ஹைமில் இந்தக் குழப்பமே இல்லை, நிலையம் ஆற்றை ஒட்டித்தான் இருக்கிறது.

கப்பல் வரும் நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் துறையில் இருங்கள். கப்பல் ஒவ்வொரு துறையிலும் சில நிமிடங்கள்தான் நிற்கும். ஊழியர் ஒருவர் தடித்த கயிற்றை இரும்புக் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி இழுப்பார், கப்பல் மெல்ல உரசி நிற்கும், பலகையைத் தடாலென்று போடுவார். இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்கும் வரை ஒதுங்கி நில்லுங்கள். குழந்தை வண்டியோடு வருகிறவர்களுக்கு அவர்களே கை கொடுப்பார்கள். நீர்மட்டம் குறைவாக இருந்தால் துறைக்கு இறங்கும் பாலம் சரிவாக இருக்கும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள்.

எங்கே உட்கார்வது

மேல்தளம்தான். சட்டை மட்டும் போட்டுக்கொண்டு கரையில் வியர்க்க நின்றவருக்கும் ஆற்றுக்காற்று பத்து நிமிடத்தில் குளிரும். ஜூலையிலும் ஒரு மெல்லிய ஜாக்கெட் வைத்திருங்கள். குடை விரிக்க முடியாது, தொப்பியும் பறந்துவிடும். மழை வந்தால் கீழே கண்ணாடி ஜன்னல் போட்ட அறை இருக்கிறது.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை வெயில் தீர்மானிக்கும். ஆறு இங்கே வடமேற்கு நோக்கி ஓடுகிறது. காலையில் வெயில் இடது கரையில் விழும், பிற்பகலில் வலது கரையில். வெயில் விழும் கரையைப் பார்த்து உட்கார்ந்தால் கோட்டைகள் பளிச்சென்று தெரியும், படமும் நன்றாக வரும். பிற்பகலில் பிங்கனில் ஏறினால் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். இடது கரை, வலது கரை என்று இங்கே சொல்வதெல்லாம் நீரோட்டத்தின் திசையில் பார்த்துத்தான். எதிர்நீரோட்டத்தில் வருகிறவர்களுக்கு இடது கரை வலக்கைப் பக்கம் வரும். ரயில் அட்டவணை பார்க்கும்போதும் இது உதவும்.

வழியில் என்ன பார்ப்பது

பிங்கனை விட்டதுமே ஒரு சிறு தீவில் எலிக்கோபுரம் தெரியும். பஞ்சகாலத்தில் ஏழைகளைக் களஞ்சியத்தில் அடைத்து எரித்த பேராயர் ஹாட்டோவை எலிகள் துரத்தி வந்து இந்தக் கோபுரத்தில் தின்றன என்பது கதை. கதை 10-ஆம் நூற்றாண்டு ஆளைப் பற்றியது, கோபுரமோ 14-ஆம் நூற்றாண்டில் சுங்கக் காவலுக்குக் கட்டியது. இந்த இடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு கடினமான பாறைத்தொடர் கிடந்தது. நடுவில் கப்பல் நுழைய ஒரு குறுகிய சந்து மட்டும்தான். பெரிய கப்பல்கள் தாண்ட முடியாததால், மேலேயிருந்து வந்த ஒயின் பீப்பாய்களைக் கீழே பாகராக்கில்தான் பெரிய கப்பல்களுக்கு மாற்றினார்கள். பாகராக் பணக்கார ஊரானது இந்தப் பாறையால்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையை வெடிவைத்து அகற்றினார்கள். 1974 வரை இந்தக் கோபுரத்திலிருந்து கப்பல்களுக்குச் சைகை காட்டினார்கள்.

அடுத்து இடது கரையில் ரைன்ஸ்டைன், ரைஷன்ஸ்டைன், சோனெக் என்று வரிசையாகக் கோட்டைகள். எல்லாம் பழையபடியே நிற்பதுபோலத் தோன்றும். பலவும் இடிந்து கிடந்து, 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரச குடும்பமும் செல்வந்தர்களும் திரும்பக் கட்டியவை. எல்லாவற்றின் பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு மூன்றை நிதானமாகப் பார்த்தால் போதும்.

பாகராக் தாண்டியதும் வலது கரைப் பக்கம், காவுப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே வெள்ளைச் சுவரோடு ஒரு கோட்டை நிற்கும். ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் என்று பெயர், ஊரார் ‘ஃபால்ஸ்’ என்று சுருக்கிவிடுவார்கள். பேரரசர் நான்காம் லூட்விக் 1327 வாக்கில் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. எதிர்நீரோட்டப் பக்கம் கூர்மையாக, கப்பலின் முன்பகுதிபோல அமைத்திருக்கிறார்கள். பனிக்கட்டியும் வெள்ளமும் மோதிப் பிளந்து போகட்டும் என்பதற்காக. 1814 புத்தாண்டு இரவில் பிரஷ்யத் தளபதி ப்ளூஷர் நெப்போலியனைத் துரத்தித் தன் படையோடு ஆற்றைக் கடந்தது இங்கேதான். இந்த ஒரு கோட்டைக்காகவே முன்கூட்டி எழுந்து கைப்பிடியோரம் போய் நில்லுங்கள். கப்பல் கிட்டத்தில்தான் கடக்கும், ஆனால் சீக்கிரம் கடந்துவிடும்.

ஓபர்வேசலின் சிவந்த தேவாலயத்தையும் மதில் கோபுரங்களையும் தாண்டினால் ஆறு இறுகி வளையும். வலப்பக்கம் 132 மீட்டர் உயரத்துக்கு ஸ்லேட் பாறை. லொரலை. பாறைமேல் உட்கார்ந்து தலைவாரும் பெண்ணின் பாட்டில் மயங்கிப் படகோட்டிகள் மோதி இறந்தார்கள் என்பது 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் பரப்பிய கதை. கப்பலின் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டையும் போடுவார்கள், ஜெர்மன் முதியவர்கள் சேர்ந்து பாடுவதும் உண்டு. பாறை உயர்ந்துதான் நிற்கும், ஆனால் படத்தில் பார்த்த பிரமாண்டம் இருக்காது. அதனால் பாறையை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். கப்பல் ஓடும் ஆற்றின் மிகக் குறுகலான, மிக ஆழமான இடங்களில் இது ஒன்று. சுழல்கள் மேலே தெரியும்.

ஆற்றையும் படிக்கலாம்

கோட்டை பார்த்து அலுத்தவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை. கரையில் கறுப்பு எண்கள் எழுதிய பெரிய வெள்ளைப் பலகைகள் இருக்கும். கொன்ஸ்டான்ஸ் நகரப் பாலத்தில் பூஜ்யம் என்று தொடங்கி எண்ணும் கிலோமீட்டர் கணக்கு அது. எலிக்கோபுரம் 530, ஃபால்ஸ் 546, லொரலை 555-ஐ ஒட்டி, கோப்லன்ஸில் மோசல் வந்து சேரும் முனை 592. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் எத்தனை நிமிடம் என்று பார்த்தால் கப்பலின் வேகம் தெரிந்துவிடும். அடுத்து என்ன வரும் என்று வரைபடமில்லாமலே சொல்லலாம்.

எதிரே வரும் சரக்குக் கப்பல்களைக் கவனியுங்கள். மேல்நோக்கி வரும் கப்பல் சில சமயம் மாலுமி அறையின் வலப்பக்கம் ஒரு நீலப் பலகையை நிமிர்த்தும், அதன் நடுவில் வெள்ளை விளக்கு மினுக்கும். ‘வலப்பக்கம் வலப்பக்கமாகக் கடப்போம்’ என்று அதற்குப் பொருள். உடனே உங்கள் கப்பலும் அதேபோல் நீலப் பலகையைக் காட்டும். நீரோட்டத்தோடு வருகிற கப்பலால் சட்டென்று நிறுத்த முடியாது. எதிர்த்து வருகிறவருக்குத்தான் கட்டுப்பாடு அதிகம், அதனால் எந்தப் பக்கம் கடப்பது என்பதை அவர் முடிவு செய்வதுதான் இங்கே முறை. லொரலை வளைவில் எதிரே வருவது தெரியாது என்பதால் கரையிலுள்ள விளக்குக் கோடுகள் மேல்நோக்கிப் போகும் கப்பல்களை எச்சரிக்கும்.

கப்பலில் நீலக் கூம்பு தொங்கினால் ஆபத்தான சரக்கு என்று பொருள். ஒரு கூம்பு தீப்பிடிக்கும் பொருளுக்கு, இரண்டு உடல்நலத்துக்குத் தீங்கான பொருளுக்கு, மூன்று வெடிபொருளுக்கு. பின்பகுதியில் கப்பலின் பெயரும் சொந்த ஊரும் எழுதியிருக்கும், டச்சு ஊர்கள்தான் அதிகம் கண்ணில் படும். அங்கேயே ஜன்னல் திரையும் பூந்தொட்டியும் கட்டிவைத்த ஒரு காரும் தெரிந்தால் வியக்காதீர்கள். பலர் குடும்பத்தோடு அதில்தான் வாழ்கிறார்கள்.

சாப்பாடு

கப்பலில் உணவகம் உண்டு. காப்பி, கேக், உருளைக்கிழங்கு வறுவல், சாசேஜ் எல்லாம் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஃப்ளம்குகன் என்ற மெல்லிய ரொட்டியைக் கேட்கலாம், ஆனால் வழக்கமாக அதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். “ஓனெ ஷ்பெக்” என்று சொல்லி, வைத்தபின் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைக் கப்பலில் பிரிப்பதை அவர்கள் பெரும்பாலும் விரும்ப மாட்டார்கள். அதை ஆற்றங்கரை பெஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் பெருமை ரீஸ்லிங் ஒயின். குடிக்காதவர்கள் ‘ட்ரவுபன்ஸாஃப்ட்’ என்று திராட்சைச் சாறு கேட்டால் அதுவும் நன்றாகவே இருக்கும்.

பாகராக்கில் இறங்கினால்

மதில் வாசலைத் தாண்டி உள்ளே போனால் மரச்சட்டம் பின்னிய வீடுகள். ‘அல்ட்டெஸ் ஹவுஸ்’ 1368-ஆம் ஆண்டு வீடு, ஊர் நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து படியேறினால் கூரையில்லாத கோதிக் தேவாலயம், வெர்னர் சிற்றாலயம். செக்கச்சிவந்த கல்லும் வானம் தெரியும் ஜன்னல்களும் மனதை இழுக்கும். அதன் கதை கொடியது. 1287-ல் ஒரு சிறுவனின் சாவை யூதர்கள்மேல் பொய்யாகச் சுமத்தி, ரைன் கரையெங்கும் அவர்களைக் கொன்றார்கள். அந்தப் பொய்யின்மேல் எழுந்த வழிபாட்டுக்குக் கட்டியது இது. அங்கே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள், நின்று படியுங்கள். இன்னும் மேலே ஏறினால் ஷ்டாலெக் கோட்டை, இப்போது இளையோர் விடுதி. தங்காவிட்டாலும் முற்றம் வரை போகலாம். ஏறுவதற்கு இருபது நிமிடம் வையுங்கள், இறங்கிக் கப்பலைப் பிடிக்கவும் அதே நேரம் வேண்டும்.

திரும்பி வருவது

மைன்ஸுக்கும் கோப்லன்ஸுக்கும் இடையில் ரைன்மேல் சாலைப் பாலம் ஒன்றுகூடக் கிடையாது. வலது கரையில் இறங்கிவிட்டு இடது கரை ரயிலைத் தேடினால் கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகில்தான் கடக்க வேண்டும். பிங்கன்–ரூடஸ்ஹைம், சாங்க்ட் கோஆர்–சாங்க்ட் கோஆர்ஸ்ஹவுசன், போப்பார்ட்–ஃபில்சன் ஆகிய இடங்களில் அது ஓடுகிறது, நடந்து வருகிறவர்களையும் ஏற்றிக்கொள்ளும். பாகராக், ஓபர்வேசல், சாங்க்ட் கோஆர், போப்பார்ட் எல்லாம் இடது கரை. காவுப், சாங்க்ட் கோஆர்ஸ்ஹவுசன், ப்ரவுபாக் வலது கரை. பழுதுபார்ப்புக்காக ஏதாவது ஒரு கரையின் ரயில் பாதையை மூடிவைப்பதும் உண்டு, கிளம்பும் காலையில் ரயில் செயலியில் பார்த்துவிடுங்கள்.

கடைசிக் கப்பல் மாலையிலேயே போய்விடும், ரயில் இரவு வரை உண்டு. கப்பலைத் தவறவிட்டால் பதற வேண்டாம், நிலையம் பக்கத்தில்தான். ஒரு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் அறை எடுக்கும்போது ஒன்றைக் கேளுங்கள். இரு கரை தண்டவாளத்திலும் சரக்கு ரயில்கள் விடிய விடிய ஓடுகின்றன. ஆறு தெரியும் ஜன்னல் என்றால் பெரும்பாலும் தண்டவாளமும் அதற்குக் கீழேதான் இருக்கும். தூக்கம் லேசானவர்கள் ஊருக்குள், மலைப்பக்கம் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.